ஆற்றோரம் தள்ளிவிட்ட ட்ராம் பாதை

எங்கள் தெருவில் ட்ராம் வர வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன். கப்பலிலிருந்து பினாங்கில் இறங்கிய அன்றே நான் ட்ராமைப் பார்த்துவிட்டேன். மாடும் இல்லை, புகையும் இல்லை. கல்யாண வீட்டுப் பெரியம்மா மாதிரி, சத்தம் போட்டே கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனது. ஒரு தடவையாவது அதில் ஏறிவிட வேண்டும் என்று நான் நின்றுவிட்டேன். ரயிலுக்கு நேரமாகிறது என்று என் கணவர் கையைப் பிடித்து இழுக்காத குறை. அவருக்குக் கோலாலம்பூர் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. பிரிக்பீல்ட்ஸில் கூலிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள்.

அந்த அறையில்தான் எங்கள் முதல் குழந்தை பிறந்தாள். குப்புற விழப் பழகி, தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். மழைக்காலத்துக் காய்ச்சல் ஒன்று வந்தது, கொண்டுபோய்விட்டது.

கைக்குழந்தையை நாங்கள் எரிப்பதில்லை, மண்ணுக்குத்தான் கொடுப்போம். அதற்குக் காரியம் கிடையாது, கல் கிடையாது, ஒரு விளக்குக் கூடக் கிடையாது. பெண்கள் கூடப் போகவும் கூடாது. பழைய செங்கல் சூளைகளுக்குப் பின்னால், கிள்ளான் ஆற்றோரப் புதர்க்காட்டில்தான் லயத்துக் குழந்தைகளைக் கொண்டுபோய் வைப்பார்கள். என் கணவர் அவளை என் சேலையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தவரிடம் எந்த இடம் என்று கேட்டேன்.

"கேக்கக் கூடாது புள்ள. கேட்டா அடுத்தது தங்காதும்பாங்க" என்றார்.

யார் சொன்ன சாத்திரமோ, தெரியாது. நானும் பயந்து வாயை மூடிக்கொண்டேன். ஆனால் தினமும் குழாயடியில் முகம் கழுவும்போது அவர் சூளைப் பக்கம் தெரிந்த ஒரு பெரிய மரத்தின் உச்சியைப் பார்ப்பார். அதன் அடியில்தான் இருக்கிறாள் என்று நானே புரிந்துகொண்டேன். அவர் பார்க்காத நேரத்தில் நானும் பார்ப்பேன்.

அடுத்த வருடம்தான் கடைத்தெருவில் சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகளை அடித்துவிட்டுப் போனார்கள். ஏதோ ஒரு கம்பெனி மின்சார ட்ராம் போடப் போகிறதாம். ஸ்டேஷனில் கிளம்பி எங்கள் தெருவுக்குள் நுழைந்து பங்சார் பக்கம் போகுமாம். லயத்துப் பெண்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தோம். ஒருத்தி போகிற போக்கில் ஒரு குச்சிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டுப் போனாள். எதை நட்டாலும் பொட்டு வைத்துவிடுவது எங்கள் கைப்பழக்கம்.

ஆண்களுக்கோ அது பிடிக்கவில்லை. வண்டிக்காரர்களுக்கு மாடு மிரளும் என்ற கவலை. கடைக்காரர்களுக்கு, ட்ராமில் ஏறுகிற சனம் நேரே பட்டணத்துப் பெரிய பாசாருக்குச் சாமான் வாங்கப் போய்விடும் என்ற கவலை. கம்பி அறுந்து விழுந்தால் தெருவே கருகிவிடும் என்று ஒருவர் கிளப்பிவிட்டார். மளிகைக்கடை முதலாளி யாரும் கேட்காமலேயே தலைவராகிவிட்டார். "மேலே கம்பி கட்டினா நம்ம கோயில் தேர் எப்படிய்யா வரும்?" என்று அவர் கேட்டது மட்டும் எனக்கும் நியாயமாகப் பட்டது. மற்றதற்கெல்லாம் வீட்டில் உட்கார்ந்து நன்றாகச் சிரித்தேன்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கம்பெனியின் என்ஜினியர் துரை நேரிலேயே வந்தார். கூடவே பேச்சை மாற்றிச் சொல்ல யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா ஒருவர், கிராணி என்போம். லயத்து ஆண்கள் அத்தனை பேரும் போனார்கள், என் கணவர் உட்பட. பொழுது சாயும் நேரத்தில் ஒரு ஜிலேபிப் பொட்டலத்தோடு திரும்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் குழந்தை போன பிறகு நான் பார்த்ததே இல்லை.

"ஜெயிச்சுட்டோம் புள்ள! தெருவுல வராது. துரையே ஒத்துக்கிட்டாரு."

"அப்ப எந்தப் பக்கமாப் போவுதாம்?"

"பின்னால. சூளைக்கு அந்தாண்ட ஆத்தோரமாக் கொண்டு போங்கன்னு சொன்னோம். அங்க என்ன இருக்குதுன்னு துரை கேட்டாரு. வெறுங்காடு, ஒண்ணுமில்லன்னு முதலாளி…"

அத்தோடு நிறுத்திவிட்டார். பொட்டலம் கையிலேயே இருந்தது. அந்த நிமிஷம்தான் அவருக்கே உறைத்தது. அதை நான் அவர் கண்ணில் பார்த்தேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாரும்தான் இருந்தாங்க" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பொட்டலத்தைப் பிடுங்கி வாசலில் எறிந்தேன். அத்தனை அப்பன்மாரும் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள் என்று கத்தினேன். பக்கத்து அறைகளுக்கெல்லாம் கேட்டிருக்கும், கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"சாமி சந்நிதியில உக்காந்துகிட்டு, பொதைச்ச எடத்தப் பத்தி எப்படிப் பேசறது? வாயே வரல புள்ள."

அது பொய் இல்லை. கோயிலுக்குள் சாவைப் பேசினால் தீட்டு. அதிலும் செத்த குழந்தையைப் பற்றி எங்கள் ஆண்கள் வீட்டுக்குள்ளேயே பேசமாட்டார்கள். பேசக்கூடியவர்கள் நாங்கள், எங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. தேர் போகும் வழியைக் காப்பாற்ற நினைத்தவர்கள், எங்கள் பிள்ளைகள் படுத்திருந்த இடத்தைத் தாங்களே கைநீட்டிக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் முதலாளியிடம் என் கணவர் மெதுவாகப் பேச்செடுத்திருக்கிறார். "பேசி முடிச்சாச்சுய்யா, இனி கிளறினா ட்ராம் மறுபடி தெருவுக்கே வந்துரும்" என்று முதலாளி இவர் வாயை அடைத்துவிட்டார். என் கணவரும் வந்து படுத்துக்கொண்டார். நான் சில நாள் பொறுத்துப் பார்த்தேன். ஒரு காலையில் குழாயடிக்குப் போனபோது சூளைப் பக்கம் அந்த மர உச்சியைக் காணவில்லை. குடத்தை அப்படியே போட்டுவிட்டு நடந்தேன். பெண்கள் போகக் கூடாத இடம்தான். பெண்கள் போகாததால் வந்த வினையைத்தான் பார்த்துவிட்டேனே.

அங்கே காடு இல்லை. நிலம் அளக்கிற கண்ணாடிக்குக் குறுக்கே எதுவும் நிற்கக் கூடாதாம், மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்து, வேரையும் பெயர்த்து எரித்துவிட்டிருந்தார்கள். சாம்பலும் குழிகளுமாகக் கிடந்தது. குழிகளுக்கு நடுவே சிவப்புத் துணி முளைகள் வரிசையாகப் போயின. துரை அந்தக் கண்ணாடியை ஏற்றி வைத்த முக்காலியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கிராணிதான் என்னை முதலில் பார்த்தார்.

"என்ன பிள்ளை, இங்கை ஏன் வந்தனீங்கள்?" என்றார்.

சொன்னேன். அழாமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன், முடியவில்லை. கிராணி கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு துரையிடம் நீளமாக என்னவோ சொன்னார். துரை தொப்பியைக் கழற்றினார். அந்த மனிதரைத் திட்ட எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

"துரை சொல்லுறார், பாதைக்கெண்டு இன்னும் ஒரு மண்வெட்டி மண்ணும் எடுக்கேல்லையாம். இடத்தைக் காட்டினால் பாதைக் கோட்டை வளைச்சு விடலாமாம். எந்த இடம் எண்டு காட்டுங்கோ பிள்ளை."

எனக்குத் தெரியாது. பெற்றவள் நான், எனக்குத் தெரியாது.

கூட்ஸ் ஷெட்டுக்கு ஆள் அனுப்பி என் கணவரை வரவழைத்தார்கள். அவர் ஓடி வந்தார். வந்த வேகத்தில் ஒரு குழியருகே போய் நின்றார். உதட்டை அசைத்து ஏதோ கணக்குப் போட்டார். பிறகு இன்னொரு குழிக்குப் போனார். அந்த மரத்தை வைத்துத்தான் அவர் அடையாளம் வைத்திருந்தார். இப்போது எல்லாக் குழியும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஆற்றுப் பக்கம் போய்ப் பார்த்தார், சூளைச் சுவரிலிருந்து நடந்து பார்த்தார். கடைசியில் நடுவெயிலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்.

"இங்கதான் புள்ள… இங்கதான் எங்கயோ" என்றார்.

சேதி பரவி வேறு சில அப்பாக்களும் வந்தார்கள். ஒருவர் காட்டிய இடத்தை மற்றவர் இல்லை என்றார். துரை வெகுநேரம் காத்திருந்தார். ஆற்றோரம் முழுவதையும் விட்டுவிட முடியாது, இடம் தெரிந்தால் சொல்லி அனுப்பலாம் என்று கிராணி மாற்றிச் சொன்னார். எல்லாரும் ஒவ்வொருவராகக் கலைந்து போனோம்.

மண்வெட்டுக்கு ஆள் எடுக்கத் தொடங்கியதும் என் கணவர் கூட்ஸ் ஷெட் வேலையை விட்டுவிட்டு அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். நல்ல வேலையை விட்டுவிட்டு மண் சுமக்கப் போகிறான் என்று லயமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வேறொருவன் மண்வெட்டி அவள் மேல் படக் கூடாது என்றுதான் போனார், அவர் சொல்லாமலேயே எனக்குத் தெரியும். ஆனால் கூட்டம் பெரிது, அவர் ஒருவர்தானே. ஒரு பக்கம் வெட்டிய மண்ணை இன்னொரு பக்கம் கொட்டி, தண்டவாளத்துக்கென்று ஆற்றோரமாக நீள மேடு போட்டார்கள். தினமும் அவர் திரும்பி வரும்போது வாசலில் நின்று அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் இல்லை என்று தலையசைத்துவிட்டுக் குளிக்கப் போவார். வெட்டு வேலை முடிந்த அன்று தலையைக் கூட அசைக்கவில்லை.

பிறகு ரப்பர் விலை விழுந்தது, ஊரில் பணப் புழக்கமே நின்றது. கம்பெனி போட்டது போட்டபடி வேலையை நிறுத்திவிட்டுப் போய்விட்டது. தண்டவாளமும் வரவில்லை, கம்பியும் வரவில்லை. ட்ராமே வராதென்ற சந்தோஷத்தில் தெருவில் முதலாளி பானகம் கொடுத்தார். ட்ராம் வந்திருந்தாலாவது அதில் ஏறிப் போகிறவர்களையெல்லாம் நின்று திட்டியிருப்பேன். திட்டுவதற்குக் கூட ஒன்றும் வந்து சேரவில்லை. எதற்காக என் பிள்ளை படுத்திருந்த மண்ணைக் கலைத்தார்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது?

மேட்டில் புல் முளைத்த பிறகு ஒரு காலையில் அவரிடம் சொன்னேன், நான் அவளுக்குப் பால் ஊற்ற வேண்டும் என்று. பெரியவர்கள் செத்தால்தான் அடுத்த நாள் எரித்த இடத்தில் பால் ஊற்றுவோம், கைக்குழந்தைக்கு அது இல்லை. அவர் வழக்கத்தைப் பேசவில்லை. பால்காரரிடம் போய் ஒரு சொம்பு நிறைய வாங்கி வந்தார்.

எங்கே ஊற்றுவது? வெட்டிய மண் எல்லாம் மேடு நெடுகக் கிடந்தது. அவள் அதில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் மேட்டின் ஒரு முனையில் தொடங்கி, நடந்துகொண்டே சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். அவர் பக்கத்திலேயே வந்தார். எவ்வளவோ சிக்கனமாகத்தான் ஊற்றினேன், பாதி மேட்டிலேயே பால் தீர்ந்துவிட்டது. மிச்ச மேடு ஆற்று வளைவு வரைக்கும் அப்படியே நீண்டு கிடந்தது. நான் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என் கையிலிருந்து சொம்பை வாங்கினார். சரிவில் இறங்கி, ஆற்றில் தண்ணீர் மொண்டு, சொம்பை ஒரு சுற்றுச் சுற்றி அலசியபடியே மேலே ஏறி வந்தார்.

"பால் இன்னும் ஒட்டியிருக்கும் புள்ள" என்றார். "எந்திரி. ஊத்து."