வாய் நிறைய மருந்துத் தண்ணீர்

பல் டாக்டரிடம் ஆயா வேலை என்பது, வருகிறவர்களை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு நாம் வாயை மூடிக்கொண்டு நிற்கிற வேலை. உங்களில் யாராவது அப்படி நின்றிருந்தால் என் எரிச்சல் புரியும். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷன் பக்கமாக இருந்த ஒரு பல் ஆஸ்பத்திரியில் நின்றேன். அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. ஆளை நிமிர்ந்து பார்த்துப் பேச வராது. டாக்டருக்கு அதுவே பிடித்துப்போயிற்று.

ரயில் பிடிக்கிறவர்

கெட்டுப்போன பல்லைப் பிடுங்காமல் காப்பாற்ற ஒரு வழி உண்டு. பல்லில் துளை போட்டு, வேர் வரைக்கும் போகிற சன்னமான குழாயை ஊசி மாதிரி ஒரு அரத்தால் சுரண்டி, கிருமி சாக மருந்துத் தண்ணீரைச் சிரிஞ்சில் பீய்ச்சி, அப்புறம் அடைப்பார்கள். முன்பெல்லாம் டாக்டர் கடைசியில் ஒரு தடவை பீய்ச்சுவதோடு சரி. நிறையப் பேருக்கு மறுபடி சீழ் வைத்தது. அதனால் சுரண்டச் சுரண்டப் பீய்ச்ச வேண்டும், தண்ணீர் தெளிவாக வரும்வரை விடக்கூடாது என்று மாற்றினார். மருந்தை வெதுவெதுப்பாக்கிக் கொடுப்பதும் கிண்ணம் பிடிப்பதும் என் வேலை.

நல்ல மாற்றம்தான், ஆனால் நேரம் பிடிக்கும். மருந்துக்கோ பிளீச்சிங் பவுடர் வாடை. பல்லாவரத்துக்காரர் ஒருவர் பாதியில் எழுந்துவிட்டார். டாக்டரிடம் கத்தப் பயம், என்னிடம் கத்தினார்: “இன்னாம்மா பேஜார் இது, ரயிலு பூடும் போலகீது! பல்லைக் கழுவுறீங்களா, கக்கூஸைக் கழுவுறீங்களா?”

விழுங்கின அம்மாள்

ஆண்கள் கத்தினாலும் துப்பிவிடுவார்கள். பெண்கள் துப்பவே மாட்டார்கள். நான் மோவாய்க்குக் கீழே கிண்ணத்தை நீட்டிக்கொண்டே நிற்பேன். கன்னம் உப்பும், கண்ணில் நீர் கட்டும், புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு ஒரே விழுங்கு. அல்லது போதும் போதும் என்று கையைத் தூக்குவார்கள், டாக்டரும் நிறுத்திவிடுவார். அரைகுறையாய்க் கழுவின பல்லைச் சுற்றி ஈறு மறுபடி வீங்கும். “பொம்பளைங்க பல்லே மோசம்” என்பார் டாக்டர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லா மோசம்?

பொழிச்சலூரிலிருந்து வந்த ஒரு பெரியம்மா விழுங்கிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “மருந்தை ஏம்மா குடிச்சீங்க?” என்று டாக்டர் குதித்தார். அந்த அம்மா தலையைக் குனிந்தபடி சொன்னார்: “ஆம்பளைங்க எதிர்ல துப்புற பழக்கம் எங்க வூட்ல கெடையாதுப்பா.”

குழந்தையின் மூக்கு

எத்தனை சோப்புப் போட்டாலும் என் கையை விட்டு அந்த வாடை போகாது. சாயங்காலம் ஓடிப்போய்த் தூக்கினால் என் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். நாளெல்லாம் அதைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள்: “பாரேன், பெத்தவளையே வேணாங்குது!” அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை.

பக்கத்தில் நின்றவர்

குரோம்பேட்டையிலிருந்து ரோஸி என்று ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். கெட்டுப்போனது மேல் வரிசையில் முன்பல். அவள் வீட்டுக்காரர் ஏதோ ஆபீசில் குமாஸ்தா. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி ஒட்டி நிற்பார். மருந்து வாயில் சேர்ந்ததும் அவள் அவரைப் பார்ப்பாள். “டீசன்ட்டா இரு” என்பார். அவள் விழுங்குவாள், கையைத் தூக்குவாள்.

மூன்று தடவை கழுவியும் ஈறு வீங்கிக்கொண்டே இருந்தது. இன்னும் ஒரு தடவை பார்ப்போம், அப்புறமும் வீங்கினால் எடுத்துவிடுவதுதான் என்று டாக்டர் சொன்னார். ரோஸி உதட்டால் பல்லை மூடிக்கொண்டாள். வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்: “இப்பவே பிடுங்கிடுங்க டாக்டர். இவ என்ன சினிமாலயா நடிக்கப் போறா?”

கடைசித் தடவை

அடுத்த தடவையும் அவர் அதே இடத்தில் நின்றார். முதல் பீய்ச்சிலேயே அவள் கன்னம் உப்பிவிட்டது. கண் அவரைத் தேடியது. கை மெல்ல எழும்பியது. அந்தக் கையை நான் பிடித்துக் கீழே வைத்தேன்.

“சார், வெளியே போங்க.”

“யாரைச் சொல்றே?”

“உங்களைத்தான். போய் பெஞ்சில உட்காருங்க!”

என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். “கொஞ்சம் வெளியே இருங்க” என்றார் டாக்டர். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. விட்டேனா? “நீங்களும் அந்தப் பக்கம் திரும்புங்க டாக்டர்” என்று துண்டை நடுவில் தூக்கிப் பிடித்தேன். அவரும் மனுஷன்தான், திரும்பிக்கொண்டார். “துப்பு ரோஸி” என்றேன். துப்பினாள். பீய்ச்ச ஒரு தடவை, துப்ப ஒரு தடவை என்று டாக்டரும் தலையைத் திருப்பித் திருப்பி, கிண்ணத்தில் கலங்கல் போய்த் தெளிவாக விழும்வரை விடவில்லை.

மறுபடி வந்தபோது வீக்கம் இல்லை. டாக்டர் பல்லை அடைத்துவிட்டார், பல் அதன் இடத்திலேயே நின்றது. வீட்டுக்காரர் கோபத்தில் உள்ளேயே வரவில்லை. கழுவ ஒன்றும் மிச்சமில்லை. நான் கிண்ணத்தை எடுக்கப் போனேன். ரோஸி என் முந்தானையைப் பிடித்து இழுத்து, கிசுகிசுவென்று கேட்டாள்: “அக்கா, சும்மாவே இன்னொரு வாட்டி துப்பிக்கட்டுமா?”

வேருக்குள் ஒளிந்திருக்கிற கிருமியைக் கொல்லக்கூட மருந்து வந்துவிட்டது, நாற்காலியை ஒட்டி நிற்கிற வீட்டுக்காரரை நகர்த்தத்தான் இன்னும் ஆயா தேவைப்படுகிறாள்.