சிக்னல் கிடைத்த லயங்கள்

தேயிலைத் தோட்டத்து மக்களுக்குப் போன் பழக்கிக் கொடுப்பதுதான் என் வேலை. பதுளையில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். இதே வேலையாக மேடு ஏறி இறங்குகிறவர்களுக்கு நான் சொல்லப்போவது புதுசாக இருக்காது.

விரல்

தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டம். அங்கே கொழுந்தெடுக்கும் தனலெச்சுமி அக்காவுக்கு, குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் புதுப் போன் அனுப்பியிருந்தாள். பூட்டு இலக்கம் எதுவும் மனசில் நிற்காது என்றார் அக்கா. விரல் வைத்தால் திறக்கும் பூட்டைப் போட்டுத்தர முயன்றேன். பெருவிரல், சுட்டுவிரல், இடது கை, வலது கை. துடைத்துத் துடைத்து வைத்தோம். ரேகை தேய்ந்த அந்த விரல்களில் எதையும் போன் ஏற்கவில்லை. அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொழுந்துக்குத் தெரியுற வெரலு இதுக்குத் தெரியலையே, மிஸ்."

முகம்

பூட்டை விட்டுவிட்டு வீடியோ கோல் எடுக்கப் பழக்கினேன். வரிசை வீடுகளான லயத்தில் சிக்னல் இல்லை; கோயிலுக்குப் பின்னாலுள்ள பாறையில் ஏறினால் வரும். மகள் குவைத் போனதிலிருந்து அவள் குரலை மட்டுமே கேட்டவர் அக்கா. திரையில் அவள் முகம் வந்ததும் நான் கைதட்டினேன். "நல்லா இருக்கேம்மா" என்று அவள் சிரித்தாள். லைன் அறுந்த பிறகும் அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்க்கா, சந்தோசமா இல்லையா?" என்றேன்.

"இத்தன நாளா அவ நல்லா இருக்கேன்னு சொன்னத நம்பிக்கிட்டு இருந்தேன். இப்ப மொகத்தக் காட்டிட்டீங்களே, மிஸ்."

எச்சரிக்கை

எல்ல ஊர்ப் பக்கம் இன்னொரு தோட்டத்தில், மண்சரிவு ஆபத்து வந்தால் போனுக்குத் தமிழில் மெசேஜ் போக ஏற்பாடு செய்திருந்தோம். முன்பு சிங்களத்தில் மட்டும் வந்ததைப் பலரால் வாசிக்க முடியவில்லை. அடைமழை பிடித்தது. மெசேஜும் போனது. முனியாண்டி அண்ணன் அதை வாசித்துவிட்டு, காய்ச்சலில் கிடந்த மனைவியை எழுப்பிக் கோயில் மண்டபத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே நிற்கவும் இடமில்லை. மழையில் நிற்க முடியாமல் லயத்துக்கே திரும்பிவிட்டார்கள். காலையில் தேத்தண்ணி வைக்க அவர் பீலிக்குத் தண்ணி பிடிக்கப் போன நேரம், பின்பக்க மேடு சரிந்து அவர்கள் குடியிருந்த காம்பராவை மூடிவிட்டது. மனைவி உள்ளே.

நான் போனபோது, தப்பியவர்களைப் பாடசாலையில் தங்கவைத்திருந்தார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மெசேஜ் வரலையாண்ணே?" என்றேன். அவர் போனை என் கையில் தந்தார்.

"வந்துச்சு, மிஸ். வெளியேறுங்கன்னு தமிழ்லதான் போட்டிருந்துச்சு. எங்க போறதுன்னுதான் போடல."

எங்கள் வேலையில் செய்தி எப்படியும் மலையேறிப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. உதவிதான் இன்னும் கீழே பஸ்ஸுக்கு நிற்கிறது.