புகை அடங்கிய கரி

மலேசியாவில், கிள்ளானில் நாங்கள் இருப்பது பழைய வரிசை வீடு. ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேலே சுவரில் காற்றுத் துளைகள் வைத்துக் கட்டியிருப்பார்கள். அக்கா பிரசவத்துக்கு வருவதற்கு முன் காட்டுத்தீயால் வரும் புகைமூட்டம் கடுமையாக இருந்தது. எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு வருகிறவள் இந்தக் காற்றையா சுவாசிப்பது என்று, நான் நாற்காலி போட்டு ஏறி, அவள் அறையின் துளைகளை அட்டை வெட்டி அடைத்து, இடுக்கு விடாமல் டேப் ஒட்டினேன். அம்மா கீழே நின்று கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தார்.

"என் மவன் படிச்சது வீண் போவல லா" என்றார்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போனது நான்தான் முதல் ஆள். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை. மூடிய தொட்டிக்குள் இறங்குமுன் காற்றை அளந்து பார்க்க வேண்டும் என்று தொழிலாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான்.

மழை வந்து புகைமூட்டம் கலைந்தது. அட்டைகளை யாரும் நினைக்கவில்லை.

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா கரி வாங்கச் சொன்னார். பிள்ளை பெற்ற உடம்புக்குச் சூடு வேண்டும்; தினமும் காலையில் குளிப்பாட்டியதும் மண்சட்டியில் கரி நெருப்பு வைத்து, தாயையும் பிள்ளையையும் அறைக்குள் வைத்துக் கதவையும் ஜன்னலையும் சாத்த வேண்டும். அக்காவை அப்படித்தான் வளர்த்தார், என்னையும்.

"வீட்டுக்குள்ள புகை வேணாம்மா. பச்சப்புள்ள நெஞ்சு தாங்காது."

"பாருடி, பேக்டரியில லெச்சர் குடுக்கறது பத்தாம இங்கயும் ஆரம்பிச்சிட்டாரு!" என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தார்.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். கரியை வாசலில் பற்றவைத்து, புகை முழுக்க அடங்கிச் சிவந்த பிறகுதான் உள்ளே கொண்டுவர வேண்டும். அந்த யோசனை என்னுடையது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சில நாளிலேயே அக்கா தலைவலி என்றாள். "பிள்ளை பெத்தவளுக்குத் தலை வலிக்காம என்ன செய்யும்? தூக்கம் இல்ல" என்றார் அம்மா. சரிதான் என்று எனக்கும் பட்டது. குழந்தையோ தூங்கிக்கொண்டே இருந்தான். வந்து பார்த்தவர்கள் எல்லாம், "அழவே மாட்டறான், தங்கமான புள்ள" என்றார்கள்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை வெயிலில் துணி காயப்போட்டுவிட்டு, அக்காவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். கரி அழகாகச் சிவந்திருந்தது. துளிப் புகை இல்லை. "அக்கா, கஞ்சி" என்றேன். ஏதோ சொன்னாள், வார்த்தை குழறியது. எழுந்திருக்கப் பார்த்து அப்படியே சாய்ந்தாள். குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினேன். விழிக்கவில்லை. அப்போதுதான் நிமிர்ந்து ஜன்னலுக்கு மேலே பார்த்தேன். பழுப்பு அட்டை, என் டேப்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அம்மாவும் நானுமாக அக்காவை இழுத்து வந்தோம்.

மருத்துவமனையில் இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட டாக்டர், வீட்டுக்குள் என்ன எரித்தீர்கள் என்று கேட்டார்.

"நான்தான் டாக்டர், கரி வச்சேன். புகையே இல்லீங்க, நல்லா செவக்க விட்டுத்தான் வச்சேன்" என்றார் அம்மா.

சிவந்த கரியிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத நச்சுக் காற்று வரும் என்று அவர் அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கினார். நான் தொழிற்சாலையில் திரையில் போட்டுக் காட்டும் அதே வரிகள். அறைக்குக் காற்றோட்டம் உண்டா என்றும் கேட்டார். அம்மா என்னைப் பார்க்காமல், "பழைய வீடு டாக்டர்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

இருவரும் பிழைத்து வீடு வந்தார்கள். குழந்தையின் மூளைக்குப் பாதிப்பு உண்டா என்பது வளர வளரத்தான் தெரியும், தொடர்ந்து வந்து காட்ட வேண்டும் என்றார்கள். அதன்பிறகு அம்மா குழந்தையைத் தூக்கவில்லை. "என் கை வேணாம்" என்று ஒதுங்கிவிட்டார். அக்காவே குளிப்பாட்டினாள்.

நான் மறுபடியும் நாற்காலி போட்டு அட்டைகளைப் பிய்த்தேன். டேப்போடு சுண்ணாம்பும் உரிந்து வந்தது. அம்மா கீழே நின்றார்.

"இத அடைச்சது நான்மா. டாக்டர்கிட்ட சொல்லியிருக்கணும்."

"எனக்குத் தெரியாதா? கத்தரிக்கோல் குடுத்தது யாரு?" என்றார். பிறகு, "நீ என்ன வேலை பாக்கறேன்னு அவர்கிட்ட சொல்லிருந்தியே. அதான் அட்டையப் பத்தி நான் பேசல" என்றார்.

பிய்த்த அட்டைகளைக் கீழே போட்டுவிட்டு இறங்கினேன். தூசி படாமல் குழந்தையைப் படுக்க வைத்திருந்த பக்கத்து அறையில் சத்தமே இல்லை. குழந்தை வெகுநேரமாகத் தூங்குகிறான் என்று இருவருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது. அங்கே ஓடினோம். அம்மா குனிந்து அவன் உள்ளங்காலைச் சுண்டினார். வீறிட்டு அழுதான்.

"ஏம்மா, இப்பதானே தூங்க வச்சேன்!" என்று கத்தினாள் அக்கா.

"அழட்டும் லா" என்றார் அம்மா. ஆனால் தூக்கவில்லை.