புதன்கிழமை மட்டும் பலித்த மழை

சவரக் கடைக்காரர் என் முகம் முழுக்க நுரை பூசி, இனி நான் வாய் திறக்க முடியாது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அந்தச் செய்தியைச் சொன்னார்.

"வானிலை ஆபீஸ்ல சதவீதம் சார் இருக்காரில்ல, புதன்கிழமை அறிக்கையை அவர் எழுதறதில்லையாம். அவர் சம்சாரம் வந்து எழுதித் தர்றாங்களாம். அதான் அன்னிக்கு மட்டும் சொன்னது சொன்னபடி நடக்குது."

கழுத்தில் கத்தி இருக்கும்போது யாருடனும் மாறுபடுவதில்லை என்பது என் கொள்கை. கத்தி விலகியதும் ஆதாரம் கேட்டேன். மனிதர் அசரவில்லை. வானிலை அலுவலகம் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒட்டும் இடிமழை அறிக்கையை மறுநாள் கிழித்து வந்து கத்தி துடைக்க வைத்திருக்கிறார். சுவரில் காலண்டர். இடி இடித்தால் கடையில் மின்சாரம் போகும்; மின்சாரம் போன நாளுக்கெல்லாம் ஒரு பெருக்கல் குறி. துடைத்த தாள்களைக் காலண்டரோடு வைத்துப் பார்த்தேன். நான்கு வாரம். நான்கு புதனும் அச்சுப் பிசகாமல் சரி. மற்ற இருபத்துநான்கு நாளில் பதினான்கு தவறு.

வதந்தியில் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேடித்தான் மறுநாள் வானிலை அலுவலகத்தின் மாடிப்படி ஏறினேன். அன்று புதன்கிழமை.

சதவீதம் சாருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கும் அதற்கு வேலை இல்லை. முப்பது வருடமாகக் கரையோரத்தை ஏழு கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் இன்று இடி விழ எவ்வளவு வாய்ப்பு என்று எழுதுகிறவர். எழுதி எழுதி, பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. சாப்பிட்டாச்சா என்று கேட்டால், "எண்பது" என்பார். மோர் பாக்கி என்று பொருள். கல்யாணப் பேச்சின்போது பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு யோசித்து, "எழுபது சதவீதம்" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார். "மீதி முப்பது எதுக்குன்னு இருபத்தாறு வருஷமா கேட்டுட்டிருக்கேன்" என்பது அவர் புகார். அவருடைய அண்ணன் புகார்கூடச் சொல்வதில்லை. நேராகவே பகை.

அண்ணனுக்குச் செங்கல் சூளை. அறுத்த பச்சைச் செங்கல் வெயிலில் காய வேண்டும். காய்வதற்குள் மழை விழுந்தால் மறுபடி களிமண். மூன்று வாரத்துக்கு முன் சதவீதம் சார் "பத்து" என்று எழுதிய மத்தியானத்தில் இருபதாயிரம் கல் கரைந்தது. அன்றிலிருந்து தங்கை கணவரோடு பேச்சு இல்லை. அதற்குமுன் "மாப்பிள்ளை". அதற்குப்பின் "அந்த ஆபீஸர்". அறிக்கையைப் படிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. படித்து, அதற்கு நேர் எதிராகச் செய்தார். மழை உண்டு என்றால் கல் மேல் போட்டிருக்கும் தார்ப்பாய் மூடாக்கைப் பிரிப்பார். இல்லை என்றால் மூடுவார். புதன்கிழமை மட்டும் போட்டதைப் போட்டபடி நம்புவார். எங்கள் வீட்டுப் பெண் எழுதுவது தப்பாது என்ற பெருமை.

இப்போது களத்தில் நாற்பதாயிரம் கல் காய்ந்துகொண்டிருந்தது. புதிதாகக் கட்டும் பள்ளிக்கூடத்துக்கான ஆர்டர். இதுவும் கரைந்தால் ஆர்டர் போகும், இந்த வருடம் சூளைக்குத் தீ வைக்கிற பேச்சே இருக்காது.

நான் போனபோது சதவீதம் சார் சுவரில் ஒட்டிய காற்றுத் தாளின் முன், துறைமுகக் காற்றை நாள்வாரியாகக் கோடு போட்டுக் காட்டும் தாள் அது, நின்றுகொண்டிருந்தார். வதந்தியைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

"புதன்கிழமை கடைத்தெருவுக்கு லீவு. அதனால அவ சாப்பாடு கொண்டு வருவா. கொண்டு வர்றது டிபன் பாக்ஸ். அறிக்கை இல்லை" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, அம்மாள் டிபன் பாக்ஸோடு வந்தார். வதந்தி அவர் காதுக்கு என்றைக்கோ போயிருந்தது. "எழுதித் தர்றதுக்கு எனக்கென்ன சம்பளமா தர்றாங்க? இவருக்கு எழுதத் தெரியலைன்னா அதுக்கு நானா பொறுப்பு?"

"மத்த நாள்ல ஏன் சார் தப்புது?" என்று கேட்டேன். மனிதரின் முகம் சுண்டியது.

"அதான் எனக்கும் புரியலை. இந்த வருஷம் கடல்காத்து அவ்வளவு ஒழுங்கு."

விளக்கினார். கோடையில் நிலம் கொதிக்கும். கடல்காற்று முற்பகலிலேயே கரையேறிவிட்டால் கரையோரம் ஆறிப்போகும். இடிமேகம் எழ வழியில்லை. காற்று தாமதித்தால் சூடு சேர்ந்துகொண்டே போகும். பிறகு வந்து முட்டுகிற காற்று அந்தச் சூட்டை நெட்டி மேலே தள்ள, மூன்று மணிக்கு வானம் கறுத்து இடி. ஆகவே துறைமுகக் கம்பத்தின் காற்றுமானி எப்போது கடல்காற்றைக் காட்டுகிறது என்பதுதான் அவருக்கு எல்லாமே. இந்தக் கோடையில் அது காலை பத்து நாற்பதுக்கே காட்டியது. அவரும் குறைந்த சதவீதமே போட்டுவந்தார்.

டிபன் பாக்ஸைத் திறந்தபடியே அம்மாள் சுவர்த் தாளைப் பார்த்தார். துணியில் கோணல் தேடிப் பழகிய கண்.

"ஏங்க, இதென்ன எல்லா நாளும் ஒரே இடத்துல வெட்டு விழுந்திருக்கு?"

"அதான் சொன்னேனே, ஒழுங்குன்னு."

"காத்து என்ன கைக்கடிகாரம் கட்டிட்டா வருது? அளவெடுத்துக் கத்தரி வெச்ச மாதிரில்ல இருக்கு! நேத்து பத்து நாப்பது. முந்தாநேத்து பத்து நாப்பது. இன்னிக்கு மட்டும் ஏன் காணோம்? போன புதன்கிழமையும் காணோம் பாருங்க."

சதவீதம் சார் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். அவர் நூறு சதவீதம் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான்.

துறைமுகத்துக்கு மூவரும் போனோம். காற்றுமானிக் கம்பத்துக்குக் கடல் பக்கமாக, பதினைந்து அடி தள்ளி, ஐஸ் கம்பெனியின் புதுச் சுவர். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு காற்றாடி. உள்ளே இருக்கிற அனலை வெளியே தள்ளுவதற்கு. தள்ளுவது நேராகக் கம்பத்தின் மேல். புதன்கிழமை லீவானதால் காற்றாடி சும்மா இருந்தது. மேஸ்திரி மட்டும் பூட்டுக்குக் காவலாக ஸ்டூலில் இருந்தார்.

"இதைத் தினம் எத்தனை மணிக்குப் போடுவீங்க?" என்று சதவீதம் சார் கேட்டார்.

"பத்தரைக்கு டீ வரும் சார். குடிச்சிட்டுப் போடுவோம். ஒரு பத்து நாப்பது ஆகும். ஏன், சத்தம் ஜாஸ்தியா இருக்கா?"

ஆக, ஒரு மாதமாகக் கரையோரத்தின் ஏழு கட்டத்துக்கும் இடிமழையை நிர்ணயித்தது மேஸ்திரியின் டீ. கடல் அதில் கலந்துகொள்ளவே இல்லை.

"நாளைக்கு மட்டும் பன்னிரண்டு மணிக்கு மேல போடறீங்களா? புண்ணியமாப் போகும்."

"அதுக்கென்ன சார், இன்னொரு டீ குடிக்கறோம்."

வியாழக்கிழமை நானும் அலுவலகத்தில் இருந்தேன். காற்றாடி ஓடவில்லை. பத்து நாற்பது ஆனது, பதினொன்று ஆனது, பதினொன்றரை ஆனது. காற்றுமானி கடல் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னல் கம்பி தொட்டால் சுட்டது. சதவீதம் சார் பேனாவை எடுத்து, நான்காம் கட்டத்தில் "எண்பத்தைந்து" என்று எழுதினார். பன்னிரண்டு மணிக்குத் தாளை வெளியே ஒட்டிவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தார். ஒரு மாத அவமானம் தீர்ந்த முகம்.

அந்த முகம் முழுசாக ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை.

"ஐயோ" என்றார். "செங்கக் களம் நாலாம் கட்டத்துலதான் இருக்கு."

எனக்கு உறைக்கச் சற்று நேரமானது. இன்று புதன் இல்லை. எண்பத்தைந்து என்று படித்தவுடனே அவர் மச்சான் என்ன செய்வார்? மூடாக்கைப் பிரிப்பார். இத்தனை நாள் தப்பாக எழுதியதால் தப்பித்த கல், இன்றைக்குச் சரியாக எழுதியதால் கரையப்போகிறது.

உடனே போன் செய்தார். மச்சான் எடுக்கவில்லை. மூன்று வாரமாக எடுக்காதவர், இன்று மட்டும் எடுப்பாரா? தையல் கடைக்கு ஓடினோம். அம்மாள் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டு, வாயில் கடித்திருந்த ஊசியை எடுத்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எங்களுக்கும் கேட்டது.

"அண்ணே, மூடாக்கைப் பிரிச்சிட்டியா?"

"பிரிச்சிட்டே இருக்கோம். உன் வீட்டு ஆபீஸர் எண்பத்தஞ்சுன்னு போட்டிருக்காரு. வெயில் கொளுத்தப் போகுது!"

"அண்ணே, இன்னிக்கு அவர் போட்டது சரிண்ணே. ஒரு காத்தாடியால வந்த வினை, அதைச் சரி பண்ணியாச்சு."

"காத்தாடியா? போன வாட்டி வரைபடம்னாரு. அதுக்கு முன்னாடி ஈரப்பதம்னாரு. நீ போம்மா, துணியைத் தை."

அம்மாள் கணவரைப் பார்த்தார். சதவீதம் சார் தரையைப் பார்த்தார். முப்பது வருட அனுபவம், ஏழு கட்டம், ஒரு காற்றுமானி, எதுவும் உதவவில்லை. அம்மாள் பெருமூச்சு விட்டார்.

"அண்ணே, இன்னிக்கு எழுதினது நான்தான்."

 அந்தப் பக்கம் ஆளையே அதிர வைக்கும் கூச்சல்: "டேய்! எல்லாத்தையும் மூடுங்கடா! என் தங்கச்சி எழுதினதாம்டா!" அடுத்து, குரல் இறங்கி, "பாப்பா, ரெண்டு தார்ப்பாய் கிழிஞ்சு கிடக்குதே, இப்ப என்னம்மா பண்றது?"

அலுவலக மொட்டைமாடியில் கருவிகளை மூட வைத்திருக்கும் பெரிய நீலத் தார்ப்பாய், இருப்புப் பதிவேட்டில் பதினேழாம் எண். அது அம்மாளின் ஸ்கூட்டரில், சதவீதம் சாரின் மடியில், பாதி தெருவில் புரள, செங்கல் களத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னால் நான். மச்சானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துக் கட்டினார்கள். கடைசி முனைக்குக் கல் வைக்கும்போது மணி மூன்றேகால். மூன்று இருபதுக்கு முதல் இடி. பிறகு பெய்தது பாருங்கள், பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. அது ஒரு விதத்தில் நல்லதுதான். அந்த இருவருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை.

மழை விட்டதும் மச்சான் தார்ப்பாயை ஓரமாகத் தூக்கிப் பார்த்தார். நாற்பதாயிரமும் அப்படியே இருந்தது. தங்கையின் தலையில் கை வைத்தார். "எங்கம்மா வயித்துல பொறந்ததாச்சே!" பிறகு திரும்பி, மூன்று வாரம் கழித்து, "மாப்பிள்ளை, தார்ப்பாய்க்கு ரொம்ப நன்றி" என்றார்.

தார்ப்பாய்க்கு. அறிக்கைக்கு அல்ல. சதவீதம் சார் ஈரத் துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லை மச்சான்" என்றார். எவ்வளவு பரவாயில்லை என்று சதவீதம் சொல்லவில்லை.

வதந்தியைச் சோதித்து முடித்துவிட்டேன்: பொய். இதைச் சவரக் கடையில் சொன்னேன். "அவங்களே அண்ணன்கிட்ட ஒத்துக்கிட்டாங்களே சார்!" என்று கடைக்காரர் நுரையைப் பூசி என் வாயை அடைத்துவிட்டார். காற்றாடியை ஐஸ் கம்பெனி வேறு சுவருக்கு மாற்றிவிட்டது. இப்போது எல்லா நாளும் அறிக்கை சரியாகவே இருக்கிறது. அம்மாள் தினமும் எழுதுகிறார் என்று ஊர் சந்தோஷப்படுகிறது.

தார்ப்பாய் மட்டும் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அடுத்த நடைக் கல் காய்கிறது. அலுவலகத்தில் இருப்பு சரிபார்க்க ஆள் வருகிற நாள் நெருங்கியதால், போன வாரம் சதவீதம் சார் களத்துக்கே போய்க் கேட்டார்.

"தாராளமா எடுத்துக்குங்க மாப்பிள்ளை. நாளைக்கு மழை எத்தனை?"

"அஞ்சு சதவீதம்தான் மச்சான்."

"அப்ப எந்த அஞ்சு கல்லு மேல விழும்னு சொல்லிடுங்க. அதை மட்டும் வேற எதையாவது போட்டு மூடிக்கறேன்."

வீட்டில் அம்மாள் வழி சொன்னார்: "ஒரே ஒரு நாள் பூஜ்யம்னு போட்டுட்டு வாங்கிட்டு வந்துடுங்களேன்."

முப்பது வருடத்தில் அவர் ஒரு தடவைகூடப் பூஜ்யம் எழுதியதில்லை. வானத்தைப் பற்றி அவ்வளவு தைரியமாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை என்பது அவர் கட்சி. நேற்றும் நான்காம் கட்டத்தில் "ஐந்து" என்றுதான் எழுதியிருந்தார். பதினேழாம் எண் தார்ப்பாய் இன்னும் செங்கல் மேல்தான் கிடக்கிறது.