உருண்டைச் சுழலின் மாமனார்

விண்வெளி ஆய்வு நிலையத்தில் அவனுடைய பிரிவுத் தலைவர்தான் அவனுக்கு மாமனார். வீட்டில் எதிர்த்துப் பேசினால் ஆபீஸில் பதவி உயர்வு நிற்கும். ஆபீஸில் எதிர்த்தால் வீட்டில் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். மாப்பிள்ளை தன் குடும்பத்தின் முதல் பட்டதாரி. படித்த திமிர் கொஞ்சம் உண்டு. இருக்கட்டுமே, யார் வீட்டுச் சொத்து?

சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றக் காற்றில் எழும் சுழல்கள் எல்லாத் திசையிலும் ஒரே அளவு, பந்து மாதிரி என்பது மாமனாரின் கண்டுபிடிப்பு. அவர் பெயரே அந்த ஒரு முடிவில் தொங்கிக்கொண்டிருந்தது. உண்மையில் சுழல்களோ காந்தக் கோடுகளை ஒட்டி நீண்டு கிடப்பவை. கோடுகள் சதா நெளிகின்றன. விண்கலம் அனுப்பிய ஒரு நாள் அளவுகளை மாமனார் மொத்தமாகக் குழைத்து, ஒரே சராசரித் திசை எடுத்து, அதை வைத்தே அளப்பார். நீளம் எப்படித் தெரியும்?

“சுருட்டை முடி எந்தப் பக்கம் போகுதுன்னு வகிட்டப் பாத்துச் சொல்றீங்களே மாமா!”

“என் தலையப் பாத்தா முடியப் பத்திப் பேசுற?” வழுக்கையைத் தடவினார். “இதுல பழம் தின்னு கொட்டை போட்டவன் நான்.”

மாப்பிள்ளை அந்தந்த இடத்துக் கோட்டின் திசையைப் பிடித்து மறுபடி கணக்குப் போட்டான். சுழல்கள் நீண்டன. மாமனார் அந்தப் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆண்டுக் கூட்டத்தில் மாமனார் உருண்டைப் படத்தைப் போட்டார். மதிப்பீடு செய்ய வெளியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா கேட்டார்: “எந்தத் திசையை வச்சு அளந்தீங்க?”

மாமனார் சிரித்தபடி கையைக் காட்டினார். “கணக்கெல்லாம் மாப்பிள்ளைதான். தப்புன்னா அவரைக் கேளுங்க.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார். மாப்பிள்ளை எழுந்து தன் படத்தைத் திரையில் போட்டான்.

“இதுதான் நான் போட்ட கணக்கு. அது அவரோடது.”

அந்த அம்மா நெருங்கி வந்து பார்த்து, தலையாட்டினார். முதலில் கை தட்டியவர் மாமனார்தான்! வெட்கமாவது ஒன்றாவது.

வெளியே வந்ததும் தோளில் கை போட்டார். “ரெண்டு பேர் பேர்லயும் கட்டுரை அனுப்பிடுவோம், மாப்ள.”

“உங்க உருண்டை உங்களுக்கே இருக்கட்டும் மாமா. இது என் பேர்ல மட்டும்தான் போகும்.”

“உன் பதவி உயர்வுக்குக் கையெழுத்துப் போடறது யாரு, தெரியுமில்ல?”

“போடாதீங்க.”

போடவில்லை. கட்டுரை ஒற்றைப் பெயரில் போனது.

வீட்டில் மனைவி முகம் சிவந்து நின்றாள். “அப்பா இனிமே உங்ககூடப் பேசவே மாட்டாராம்.”

“நெசமாவா?” என்றான். “அப்பாடா!”