பெப்ருவரியில் ஒரு தேதி

என் மருமகனுக்கு ஒரு பழக்கம். காலையில் பல் துலக்குகிறாரோ இல்லையோ, குடும்பக் குழுவில் ‘வரலாற்றில் இன்று’ போட்டுவிடுவார். யார் பிறந்தார், யார் போனார், எந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தது என்று நீளமாக ஒரு பட்டியல். படிக்காமலேயே கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டு நான் காப்பிக்குப் போய்விடுவேன். போன ஜூலை பதினொன்றாம் தேதி மட்டும் அப்படிப் போக முடியவில்லை. உலக மக்கள்தொகை நாள் என்று முதல் வரி. அடுத்தது 1974, தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட நாள். சொந்த ஊர்ப் பெருமையில் ஒரு நிமிஷம் பூரித்துப்போனேன். அதற்கடுத்த வரியில் ‘1979, ஸ்கைலாப் விழுந்தது’ என்று இருந்தது. காப்பி ஆறி ஆடை கட்டியதுகூட எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு ஸ்கைலாப் ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்காக்காரன் வானத்தில் சுற்றவிட்ட பெரிய ஆய்வுக்கூடம். அது கீழே விழப்போகிறது, எங்கே விழும் என்று அவனுக்கே தெரியாது என்று பேப்பரில் போட்டுவிட்டார்கள். எங்கள் ஊருக்கு மட்டும் தெரிந்திருந்தது, அது எங்கள் தலையில்தான் விழும் என்று. எதிர்வீட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழியைப் பிடித்துக் குழம்பு வைத்துவிட்டார்கள். நான் அப்போது ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் டைப்பிஸ்ட். எங்கள் ஹெட்கிளார்க், “புது ஹார்பருக்குக் கண்ணு பட்டுட்டு. நேரா அங்கனதான் விழும், பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அவரைப் பார்த்துச் சிரித்த நான், பொட்டு மேகமில்லாத அன்றைக்குக் கையில் குடையோடு ஆபீஸ் போயிருந்தேன். வானத்திலிருந்து விழும் இரும்புக்கு அந்தக் குடை.

ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழே வெங்காய மூட்டைகள் அடுக்கியிருக்கும். கொழும்புக்குத் தோணியில் போகும் சரக்கு. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் மட்டும் ஜன்னலைச் சாத்தவே விடமாட்டேன். என் அப்பாவிடம் அந்த வாடைதான் அடிக்கும். அவர் தோணியில் கப்பல்காரராக இருந்தார், அதாவது பாய் இழுக்கிற, சரக்கு ஏற்றுகிற வேலை. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது கொழும்புக்குப் போன தோணி அவர் இல்லாமல் திரும்பி வந்தது. தோணியை நடத்திய தண்டல் எங்கள் வீட்டுக்கு வந்து, நடுக்கடலில் அலை அடித்துக்கொண்டு போய்விட்டது, உடம்பு கிடைக்கவில்லை என்றார். எந்த நாள் என்று அம்மா கேட்டாள். பெப்ருவரியில் ஒரு தேதியைச் சொன்னார். அந்தத் தேதியை இங்கே நான் எழுதப்போவதில்லை.

அன்றிலிருந்து அம்மா வெள்ளைச் சேலை. வருஷம் தவறாமல் அந்தத் தேதியில் அப்பா ஆத்துமத்துக்கு மாதா கோயிலில் பூசை. தண்டலும் தவறாமல் வந்துவிடுவார். முன்வரிசையில் முழங்காலிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். போகும்போது என் கையில் ஒரு பொட்டலம் மக்ரூனைக் கொடுப்பார். அவரை நான் எவ்வளவு மதித்தேன் தெரியுமா? அப்பா முகத்துக்குப் பதில் அவர் முகத்தை வைத்துக்கொண்டு ஜெபம் சொல்லியிருக்கிறேன்.

ஸ்கைலாப் விழப்போவதாகச் சொன்ன அன்று நான் ஆபீஸ் விட்டு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அம்மா குசினியில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். தண்டல் செருப்புக்கூடப் போடாமல் உள்ளே வந்தார், மேலெல்லாம் வேர்வை.

“தங்கச்சி, சாமியார்ட்ட பாவத்தச் சொல்லிருவோம்னு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வரிசை கோயில் வாசலத் தாண்டி ரோட்டுல நிக்கி. என் முறை வாரதுக்குள்ள அது விழுந்துருமோன்னு பயமா இருக்கு. அதான் ஒங்கிட்டயே சொல்லிருதேன்.”

“என்னத்த அண்ணாச்சி?”

“ஒம் மாப்பிள்ள சாவல. கொழும்புல இருக்கான். அங்கன ஒரு பொம்பள, ரெண்டு பிள்ளைய. தண்ணியில போயிட்டான்னு சொல்லிரும்னு எங் காலப் புடிச்சி அழுதான். தோணியில இருந்த எல்லார்ட்டயும் சத்தியம் வாங்கிட்டான்.”

அம்மா அழவில்லை, கத்தவில்லை. கையில் பாதி அரிந்த மீனை வைத்துக்கொண்டே கேட்டாள்.

“அப்போ அந்தத் தேதி?”

தண்டல் தலையைக் குனிந்துகொண்டார். “நீ எந்த நாளுன்னு கேட்ட. எனக்கு ஒண்ணும் ஓடல. ஒங்க வீட்டுல மாதா படம் போட்ட காலண்டர் தொங்குச்சி. அதுல கண்ணு பட்ட தேதியச் சொல்லிட்டேன்.”

பதினான்கு வருஷம். எந்த ஆத்துமமும் பிரியாத ஒரு நாளில் பதினான்கு பூசை. அப்பா உயிரோடு இருக்கிறார் என்பதைவிட இதுதான் என்னை அடித்துப்போட்டது என்றால் நம்புவீர்களா? அந்த வரிசையில் பத்துப் பேர் குறைவாக நின்றிருந்தால் அது சாமியார் காதோடு போயிருக்கும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் ஜென்மத்துக்கும் வெளியே சொல்லியிருக்க மாட்டார்.

மறுநாள் காலை ரேடியோவில் செய்தி சொன்னார்கள். ஆஸ்திரேலியாப் பக்கம் விழுந்துவிட்டதாம், ஒருத்தருக்கும் காயமில்லையாம். தெருவே சிரித்தது. எதிர்வீட்டில் மட்டும் கோழிக்காகச் சண்டை. எட்டு மணிக்குத் தண்டல் வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை.

“தங்கச்சி, நேத்து ஏதோ பயத்துல ஒளறிட்டேன். நீ மறந்துரணும்.”

“அது ஆஸ்திரேலியாவுல விழுந்துட்டு. நீரு சொன்னது எங்க வீட்டுலல்லா விழுந்துருக்கு” என்றாள் அம்மா. அதுவரை அவரை ‘நீங்க’ என்றுதான் சொல்லுவாள்.

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அப்போது எனக்குப் புன்னைக்காயலில் சம்பந்தம் பேசி முடிக்கும் நேரம். கடலில் செத்த கப்பல்காரரின் மகள் என்றுதான் மரியாதையாகப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். விட்டுவிட்டு ஓடினவரின் மகளை யார் கேட்பார்?

“ஏளா, ஒனக்குக் கல்யாணம் முடியட்டும். அது வரைக்கும் அந்த ஆளு செத்தவருதான்.”

அடுத்த பெப்ருவரியில் அதே தேதியில் பூசை நடந்தது. தண்டல் வரவில்லை. பீடத்திலிருந்து அப்பா பெயரை வாசித்தபோது அம்மா எப்போதும்போல ஆமென் சொன்னாள், குரல்கூட மாறவில்லை. அம்மாவைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான்.

மே மாதம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அதற்கடுத்த பெப்ருவரியில், அந்தத் தேதிக்கு, நான் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். கோயிலுக்குக் கிளம்பி நின்ற எனக்கு முன்னால் அம்மா புத்தம் புதுப் பச்சைச் சேலையில் வந்தாள், கையில் மீன் கூடையோடு. தெருவில் இறங்கியதும் எதிர்வீட்டு அக்கா அலறிவிட்டாள்.

“ஏளா, என்னத்த உடுத்திருக்க? புத்தி கித்தி கெட்டுப் போச்சா?”

“எம் மாப்பிள்ள உசிரோடல்லா இருக்காரு. நான் எதுக்குக்கா வெள்ள உடுத்தணும்?”

அம்மா மார்க்கெட்டுக்குப் போய், சீலா மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தாள். சேதி சாயங்காலத்துக்குள் புன்னைக்காயல் போய்ச் சேர்ந்தது. என் மாமியார் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அது கிடக்கட்டும். அன்றைக்கு அம்மா என் தட்டில் போட்ட அந்த மீன்துண்டை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது.

இப்போது அந்தப் பாய்மரத் தோணிகள் இல்லை. ஆபீஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை. தண்டல் போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மாவும் போய்விட்டாள். இரண்டு பேர் தேதியையும் என் ஜெபப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். ஸ்கைலாப் என்ற இரும்புக்கும் ஒரு தேதி இருக்கிறது, உலகமே குறித்துவைத்திருக்கிறது. கொழும்பிலிருந்து எங்களுக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை. அப்பா இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருக்கும். இருக்க மாட்டார். என்றைக்குப் போனாரோ தெரியாது.

அந்த ஜூலையிலிருந்து மருமகன் போடும் பட்டியலை ஒரு நாளும் விடாமல் கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன். அதில் அப்பா பெயர் வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாட்களில் ஏதோ ஒன்றில்தான் அவர் செத்திருக்கிறார்.