கம்பெனிப் பொட்டியில ரூபி அக்கா

ஆமாங்க, அந்தப் பொட்டியிலதான் வச்சோம். போட்டோவப் பாத்துட்டு ஆளாளுக்கு போன் பண்ணிக் கேக்குறீங்க, ரூபி அக்காவையா அதுல வச்சீங்கன்னு. ஒவ்வொருத்தருக்கா சொல்ல வாய் கூசுது. அதான் மொத்தமா எழுதிடுறேன்.

சேதி வந்தப்ப நான் கும்பகோணம் மார்க்கெட்டுல இருந்தேன். பட்டுக்கோட்டைத் தேங்காய எறக்கிட்டு என் குட்டியானை வண்டியத் தொடப்பத்தால கூட்டிக்கிட்டு நின்னேன். ஊர்லேருந்து என் கூட்டாளி சேகர் போன் பண்ணி "அக்கா போயிட்டாங்கடா"ன்னான். எந்த அக்கான்னு நான் கேக்கல. எங்க தெருவுல வெறும் அக்கான்னா வார்டு மெம்பர் ரூபி அக்காதான். காலையில டீக்கடைக்கு வந்தவங்க, மூச்சு எளைக்குதுன்னு பெஞ்சுல உக்காந்தாங்களாம். அவ்ளோதான். ஆஸ்பத்திரியில ஹார்ட்டுன்னு சொன்னாங்க. காத்தப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்கும் தெரியாது, தெரியாதத நான் சொல்ல மாட்டேன்.

தெரிஞ்சதச் சொல்றேன். வெளியூருக்குப் போனவங்க மறந்திருப்பீங்க. வயலுக்கு நடுவுல அந்த கேஸ் கிணறு. உசரமா ஒரு குழாய், அது மேல எந்நேரமும் தீ. காத்து நம்ம பக்கம் திரும்புனா அழுகுன முட்டை நாத்தம். கண்ணு எரியும், புள்ளைங்க இருமும். கிணத்த ஒட்டுன வயலு அக்காவோடது. கூலிச் சண்டை, குத்தகைச் சண்டைன்னு இருந்த காலத்துல அவங்க அப்பா ஜெயிலுக்குப் போயி, அதுக்கப்புறம் பட்டாவா கைக்கு வந்த மண்ணு. கம்பெனிக்காரங்க குத்தகைக்குக் கேட்டப்ப அக்கா சொன்னது இன்னும் காதுல இருக்கு. "எங்கப்பா அடி வாங்கி வாங்குன நெலம். இதுல நெல்லுதான் வெளையும், நெருப்பு வெளையாது."

கொலுசு விஷயம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கிராம சபைக்கு கம்பெனி ஆபீசர் வந்தாரு. கையில ஒரு மீட்டரு. காத்தெல்லாம் நல்லா இருக்குன்னாரு. அக்கா மடியிலேருந்து ஒரு துணி முடிச்ச அவுத்து டேபிள் மேல கொட்டுனாங்க. தெருப் பொம்பளைங்களோட வெள்ளிக் கொலுசு, எல்லாம் அந்த நாத்தக் காத்து பட்டு கரிக்கட்டை மாதிரி கெடந்துச்சு. ஆபீசர் சிரிச்சுக்கிட்டே, வேர்வை பட்டா வெள்ளி கறுக்கும்மான்னாரு. அக்கா கேட்டாங்க: "பீரோவுக்குள்ள இருந்த கொலுசுங்க சார் இது. பீரோவுக்கா வேர்த்துச்சு?"

சபையே சிரிச்சுது. ஆபீசரும்தான். டீ குடிச்சாரு, ஜீப்புல ஏறிப் போயிட்டாரு. பொம்பளைங்க கொலுச எடுத்துட்டுப் போயி பல்பொடி போட்டுத் தேச்சுக்கிட்டாங்க. நம்ம போராட்டம் அவ்ளோதான்.

அக்கா கேட்டது பெருசா ஒண்ணும் இல்ல. பள்ளிக்கூடச் செவுத்துல காத்த அளக்குற மெஷின் ஒண்ணு மாட்டணும், கேஸ் கூடுனா அது கத்தணும், புள்ளைங்கள வெளிய கூட்டிட்டு ஓடணும். அதுக்குத்தான் மனு மேல மனு. கட்சியில ஒன்றியச் செயலாளர் கூப்பிட்டு, ஆட்சி நம்மளுது, கொஞ்சம் அடக்கி வாசிம்மான்னாரு. எதிர்க்கட்சியா இருந்தப்ப இதே கிணத்துக்கு முன்னாடி கொடி புடிச்சவருதான். அக்கா கரைவேட்டியப் பாத்துக்கிட்டே, "ஏண்ணே, ஆட்சி மாறுனா நாத்தமும் மாறிடுமா?"ன்னாங்க. அடுத்த கூட்டத்துல அவங்களுக்கு நாற்காலி போடல. நின்னுக்கிட்டே இருந்தாங்க. நாங்க எல்லாம் உக்காந்துதான் இருந்தோம்.

மெஷின் வரல. கம்பெனி செலவுல குடிதண்ணி டேங்க் வந்துச்சு, தெருவெளக்கு வந்துச்சு, அப்புறம் ஒரு ஐஸ் பொட்டி வந்துச்சு. சாவு விழுந்தா வெளிநாட்டுலேருந்து புள்ள வர்ற வரைக்கும் ஒடம்ப வைக்க. பக்கவாட்டுல கம்பெனி பேரு கொட்டை எழுத்துல. ஊரே கைதட்டி வாங்குனோம். அக்கா மட்டும் எந்திரிச்சு சொன்னாங்க. "மூச்சு விடுறப்போ கேட்டதக் குடுக்கல. மூச்சு நின்னப்புறம் படுக்கப் பொட்டி குடுக்குறாங்க. என்ன இதுல வைக்காதீங்கப்பா. நான் நாறுனா நாறிட்டுப் போறேன், நாத்தம் இந்த ஊருக்குப் புதுசா?"

அதுக்கும் சிரிச்சோம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். சேகர் போன்லயே கேட்டான், மகன் ஜான்சன் கத்தார்லேருந்து நாளைக்குத்தான் வர முடியும், வெயில் கொளுத்துது, என்னடா பண்றதுன்னு. அப்புறம் அவனே, பொட்டி இங்கதான் இருக்கே, நீ சீக்கிரம் வாடான்னான். சரின்னேன். நான் நின்ன எடத்துலேருந்து பாத்தா ரோட்டுக்கு எதுத்தாப்புல வாடகைக்கு ஐஸ் பொட்டி விடுற கடை. கடை தொறந்திருந்துச்சு. என் வண்டி காலியா நின்னுச்சு. காலி வண்டிய ஓட்டிக்கிட்டு ஊருக்கு வந்தேன். வந்து, நாலு பேரோட நானும் ஒரு பக்கம் புடிச்சு அவங்கள அதுல எறக்குனேன்.

பக்கத்து வீட்டு செல்வியக்கா மட்டும் உள்ள போயி ஒரு பொடவைய எடுத்தாந்து கம்பெனி பேரு மேல போத்துனாங்க. சாயங்காலம் கம்பெனி ஆளு பெரிய மாலையோட வந்தாரு. மாலைய வச்சாரு, குனிஞ்சு பொடவைய நைசா ஒதுக்குனாரு, கூட வந்த பையன் போட்டோ எடுத்தான். அத்தன பேரு நின்னோம். ஒருத்தன் கை நீட்டித் தடுக்கல. நீங்க பாத்தது அந்தப் போட்டோதான்.

ஜான்சன் மறுநாள் பையோட நேரா வந்து நின்னான். அம்மா மொகத்தப் பாத்தான், பொட்டியப் பாத்தான்.

"அம்மா வேணாம்னு சொல்லிச்சே"ன்னான்.

திட்டல. சத்தம் போடல. போதகர் ஜெபத்த ஆரம்பிச்சாரு, எங்களுக்கு அது வசதியாப் போச்சு. கல்லறைத் தோட்டத்துல மண்ணு போடுறப்பவும் அவன் மூஞ்சிய நான் பாக்கல.

அக்கா கிட்டேருந்து எனக்குன்னு ஒண்ணு இருக்கு. பாலிடெக்னிக்கப் பாதியில விட்டுட்டு வண்டியோட அலையுறேன்னு எங்க வீட்டுல எல்லாரும் கரிச்சுக் கொட்டுவாங்க. அக்கா மட்டும் வேற மாதிரி. தெனம் டீக்கடையில எல்லாரையும் கேப்பாங்க, இன்னிக்கு நாறுதான்னு. இல்லைன்னு சொன்னா, "நின்னுடுச்சா, பழகிடுச்சா?"ம்பாங்க. அப்புறம் என்னப் பாத்து, "டேய் ஊர்சுத்தி, இங்கயே கெடக்குறவனுக்கு மூக்கு செத்துப்போயிடும். நீ வெளிய போயிட்டு வர்றவன். ஊரு எல்லைப் பாலத்துல ஏறுறப்போ நாறுச்சுன்னா வந்து சொல்லு"ம்பாங்க. நான் சொன்னா ஒடனே கம்பெனிக்கும் தாலுகா ஆபீசுக்கும் போன் போடுவாங்க. அந்த நம்பரு ரெண்டும் இப்ப என் போன்ல இருக்கு, ஜான்சன் கிட்ட கேட்டு வாங்கிக்கிட்டேன். கேக்குறப்பவும் தலைய நிமித்தல.

இன்னிக்குக் காலையில டீக்கடையில கேட்டேன், நாறுதான்னு. இல்லைன்னாங்க. எனக்கும் ஒண்ணும் தெரியல. அடக்கத்துலேருந்து ஊரத் தாண்டலையே நான். பட்டுக்கோட்டைக்கு லோடு இருக்கு, திரும்பி வர்றப்போ பாலத்துல தெரிஞ்சுடும். சேகர் ஹாரன் அடிக்கிறான், நான் கெளம்பணும்.